"வெறும் எம்.பி.பி.எஸ்.தானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் பதில்

நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து இரவு படியுங்கள். பாதி படித்துவிட்டுச் சண்டைக்கு மட்டும் வராதீர்கள்.

ஊருக்கு ஊர் நல்ல குடும்ப மருத்துவர் வேண்டும் என்று போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். கீழே வந்த பின்னூட்டங்களில் பாதி ஒரே ராகம். "இப்போ வர்ற பசங்களுக்கு என்ன சார் தெரியும், தொட்டதுக்கெல்லாம் ஸ்கேன் எழுதுறாங்க." "வெறும் எம்.பி.பி.எஸ்.கிட்ட எதுக்கு சார் போகணும், நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போயிடலாமே." "அந்தக் காலத்து டாக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிடுவார்."

மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில். அந்தப் பிள்ளைகளைத் திட்டுவது வீண். குடும்ப மருத்துவம் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில். அதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்காமல் நாற்காலியில் உட்கார வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்த வரிசையில் அரசும் நிற்கிறது, மருத்துவக் கல்வியை நடத்துகிறவர்களும் நிற்கிறார்கள், "வெறும்" என்ற சொல்லை வாய் கூசாமல் சொல்லும் நாமும் நிற்கிறோம்.

நான் டாக்டர் இல்லை. 34 வருடம் கணக்கு வாத்தியார். மருந்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு தொழிலை ஒருவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது, எப்படிச் சொதப்புவது என்பதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. அதை மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு.

1961-ல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்கா, பிரிட்டன் விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. வயது வந்தவர்கள் 1000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அவர்களில் 750 பேருக்கு ஏதோ ஓர் உடல் தொந்தரவு வருகிறது. 250 பேர் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். 5 பேரை ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்புகிறார். பல்கலைக்கழக மருத்துவமனை வரைக்கும் போய்ச் சேர்வது ஒரே ஒரு ஆள். நாற்பது வருடம் கழித்து 2001-ல் லாரி கிரீன் என்பவரின் குழு இதே கணக்கைத் திரும்பப் போட்டது. படம் பெரிதாக மாறவில்லை. நம் ஊரில் எண்கள் கூடலாம், குறையலாம். கூம்பு மாதிரி மேலே போகப் போகச் சுருங்கும் அந்த வடிவம் இதுதான்.

இப்போது சொல்லுங்கள். நம் மருத்துவ மாணவர் நாலரை வருடம் எங்கே நின்று படிக்கிறார்? அந்த ஒரே ஒரு ஆள் படுத்திருக்கும் வார்டில். படித்து முடித்து எங்கே உட்காருகிறார்? 250 பேர் வரிசையில் நிற்கும் இடத்தில். வருடம் முழுக்க வடிவியல் நடத்திவிட்டு, பரீட்சையில் வட்டி, லாப நட்டம் மட்டும் கேட்டால் மாணவன் என்ன செய்வான்? அவனைத் திட்டுவீர்களா, கேள்வித்தாள் எடுத்தவனைத் திட்டுவீர்களா?

வார்டில் படுத்திருப்பவருக்கு நோயின் பெயர் பெரும்பாலும் தெரிந்திருக்கும். கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் கையில் இருக்கும். நாலு டாக்டர்கள் ஏற்கெனவே பார்த்து வடிகட்டி அனுப்பிய ஆள் அவர். கிளினிக்கில் வந்து உட்காரும் ஆள் அப்படியா? "ஒரே அசதியா இருக்கு டாக்டர்" என்கிறார். இந்த அசதிக்குள் ரத்தசோகை இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், காசநோய் இருக்கலாம். மகன் பேசாமல் போன வருத்தம் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் வெயிலில் களை எடுத்த களைப்பாகவும் இருக்கலாம். அத்தனைக்கும் ஐந்து நிமிடம். யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை நாளைக்கு வரச் சொல்லலாம், யாரை இப்போதே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்று பிரித்தறிவது வார்டு வேலையைவிடச் சின்ன வேலை என்று யார் சொன்னது?

இன்னொன்று, மொழி. பாடம் முழுக்க ஆங்கிலம். வருகிறவர்கள் பேசுவது தமிழ், அதுவும் வட்டாரத் தமிழ். "மயக்கமா வருது" என்று ஒரு பாட்டி சொன்னால் என்ன அர்த்தம்? உலகம் சுற்றுகிறதா, கண் இருட்டிக்கொண்டு விழப் பார்த்தாரா, குமட்டலா, வெறும் பலவீனமா? நாலுக்கும் நம் ஜனங்கள் மயக்கம் என்றுதான் சொல்வார்கள். நாலுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. "இளைப்பு" என்றால் ஒரு ஊரில் மூச்சு வாங்குவது, இன்னொரு ஊரில் உடம்பு மெலிவது. "மதமதப்பு", "உளைச்சல்", "குடைச்சல்", "காந்தல்" எல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

"வாயுப் பிடிப்பு" என்ற சொல் எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? மேல்வயிற்றில் அழுத்துகிறது, வியர்க்கிறது, "கேஸ் டிரபிள்தான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே வருகிறார் ஒருவர். மாரடைப்பு சிலருக்கு இப்படி வயிற்றுக் கோளாறு வேஷத்தில்தான் வரும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். அவர் சொன்ன "வாயு"வை அப்படியே நம்பி ஒரு மாத்திரை எழுதித் தருவதா, "எதுக்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்துடுவோம்யா" என்று உட்கார வைப்பதா? ஒரு குடும்பத்தின் தலைவிதி அந்த ஒரு நொடியில் தீர்மானமாகிறது. அந்த நொடியை யார் கற்றுக்கொடுத்தது?

டெங்குவை எடுங்கள். காய்ச்சல் அடிக்கும்போது எல்லோரும் பயப்படுகிறோம். காய்ச்சல் விட்டதும் "அப்பாடா" என்கிறோம். டெங்குவில் அபாயம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்தச் சமயத்தில்தான் தொடங்குகிறது. ஆக, முதல் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் டாக்டர் சொல்ல வேண்டியது என்ன? "காய்ச்சல் விட்டாலும் ரெண்டு நாள் கவனமா பாருங்கம்மா. விடாம வாந்தி எடுத்தா, வயிறு ரொம்ப வலிச்சா, எங்கேயாவது ரத்தம் கசிஞ்சா, துவண்டு போனா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, ராத்திரின்னாலும் உடனே வாங்க." ஒரு நிமிடப் பேச்சு. ஒரு உயிர். நோயாளியை இப்படி எச்சரித்து அனுப்புவது ஒரு தனித் திறமை. ரோஜர் நெய்பர் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர் 1987-ல் எழுதிய 'தி இன்னர் கன்சல்டேஷன்' என்ற புத்தகத்தில் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: பாதுகாப்பு வலை விரிப்பது. கழைக்கூத்தாடிக்குக் கீழே விரிப்பார்களே, அந்த வலை. நம் பிள்ளைகளிடம் டெங்குவைப் பற்றிக் கேளுங்கள். கொசுவின் பெயரும், எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பதும் கடகடவென்று வரும். அந்தத் தாயிடம் பேசுவதற்கு மட்டும் யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

என் தொழிலைப் பாருங்கள். நான் எம்.எஸ்சி. கணிதம் முடித்தவன். அதற்காக என்னை நேராக ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டார்களா? பி.எட். படி என்றார்கள். 40 நாள் கற்பித்தல் பயிற்சி. தினமும் பாடக்குறிப்பு எழுதி வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் கரும்பலகையில் எழுத, அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். "கேள்வி கேட்டுட்டு நீயே பதில் சொல்லிடுறே, பையனுக்கு யோசிக்க நேரம் குடு" என்பார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு 34 வருடம் சோறு போட்டது. 2015-லிருந்து பி.எட். இரண்டு வருடம். கணக்குத் தெரிந்தவனெல்லாம் கணக்கு வாத்தியார் ஆகிவிட முடியாது என்று இந்த நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவம் படித்தவரெல்லாம் அன்றைக்கே குடும்ப மருத்துவர் ஆகிவிடலாம் என்று மட்டும் எப்படி நம்புகிறோம்? நான் தப்பாக நடத்தினால் பையன் ஒரு மதிப்பெண் இழப்பான். அங்கே?

"ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம் பண்றாங்களே சார்" என்று ஒருவர் கேட்டார். பண்ணுகிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள், ரிப்போர்ட்டுக்கு ஓடுகிறார்கள், கேஸ் ஷீட் எழுதுகிறார்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுகிறார்கள். மிச்ச நேரத்தில் நீட் பி.ஜி.க்குப் படிக்கிறார்கள். பெரும்பகுதி மறுபடியும் அதே பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்தான்.

என்னிடம் படித்த ஒரு பெண் எம்.ஆர்.பி. தேர்வில் தேறி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தாள். கெட்டிக்காரப் பெண். சேர்ந்து ஒரு மாதம் கழித்து போன் செய்தாள். "சார், காலேஜ்ல எனக்கு மேல ஒரு பி.ஜி., அவருக்கு மேல ஒரு அசிஸ்டென்ட், அதுக்கு மேல சீஃப்னு இருந்தாங்க. இங்க முதல் நாளே நூத்திப்பத்து பேர். சந்தேகம் வந்தா கேக்க ஒரு ஆள் கிடையாது. ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான் என் வாத்தியார். எந்த மருந்து ஸ்டாக் இருக்கு, எந்தக் கிழவி நிஜமா வலிக்குதுன்னு சொல்லுது, எந்தக் கிழவி பேசிட்டுப் போக வந்திருக்குன்னு அவங்கதான் சொல்லித் தர்றாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ராத்திரி தூக்கம் வரல சார். அனுப்பின ஆளுங்க முகம் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது" என்றாள். அந்த நர்ஸம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் ஒரு மாநிலத்தின் மருத்துவப் பயிற்சித் திட்டம் ஒரு நர்ஸம்மாவின் நல்ல மனசை நம்பி ஓடக் கூடாது.

சரி, புதிதாக வரும் டாக்டர் தானாகவே கற்றுக்கொள்ளலாம் என்று புறப்பட்டால் அவர் கைக்கு என்ன கிடைக்கிறது?

முதலாவது, நுழைவுத் தேர்வுக் கோச்சிங். இந்த நாட்டில் இளம் மருத்துவருக்கென்று தயாராகும் பாடங்களில் பணம் புரளும் பகுதி இதுதான். ஆப், வீடியோ, கேள்வி வங்கி எல்லாம் உண்டு. நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். எழுதுகிறவர்கள் வருடத்துக்கு 2 லட்சத்துக்கும் மேல். கணக்கு வாத்தியாராக ஒன்று சொல்கிறேன். நாங்கள் விடைக்கு மட்டும் மதிப்பெண் போட மாட்டோம், வழிமுறைக்கும் போடுவோம். விடை தப்பானாலும் வழி சரியென்றால் பாதி மதிப்பெண் உண்டு. வழி இல்லாமல் விடை மட்டும் இருந்தால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாயா என்று கேட்போம். குடும்ப மருத்துவம் முழுக்க முழுக்க வழிமுறை. அங்கே நோயாளி நாலு விடையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதில்லை. கேள்வியே என்னவென்று தெரியாமல் வருகிறார்.

இரண்டாவது, மருந்து கம்பெனி. பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்பது விதி. நல்ல விதி. அந்த மணி நேரங்கள் பல சமயம் எங்கே கிடைக்கின்றன? ஏ.சி. ஹாலில், கம்பெனி பேனருக்குக் கீழே, சாப்பாட்டோடு. பேச வருபவர் பெரிய ஸ்பெஷலிஸ்ட். புதிதாக வந்த விலை கூடிய மாத்திரையைப் பற்றிப் பேசுவார். "இந்த மாத்திரை தேவையில்லை, நிறுத்துங்கள்" என்று சொல்லித் தரும் கூட்டத்துக்கு எந்தக் கம்பெனி ஸ்பான்சர் செய்யும்? நோட்ஸ் கம்பெனிக்காரன் காசு கொடுத்து வாத்தியாருக்குப் பயிற்சி நடத்தினால், கடைசியில் எந்த நோட்ஸ் வாங்கச் சொல்வார் வாத்தியார்?

மூன்றாவது, வாட்ஸ்அப் குழு. அதிலும் நல்லது இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பேற்கும் ஆள் அங்கே கிடையாது.

இதற்கு நடுவில் நல்ல சரக்கும் இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஐ.சி.எம்.ஆர்., 2019 முதல் நோய்வாரியாக வழிமுறை அட்டைகள் வெளியிட்டிருக்கிறது. எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும், எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்று சுருக்கமாக, இலவசமாக. ஜான் மர்டாக் என்ற ஆஸ்திரேலியக் குடும்ப மருத்துவரின் பாடநூல் 1994-லிருந்து பதிப்பு மேல் பதிப்பாக வருகிறது. அது நோயின் பெயரில் தொடங்காமல் "களைப்பு", "தலைசுற்றல்" என்று நோயாளி சொல்வதிலிருந்து தொடங்கி எழுதப்பட்ட அத்தியாயங்களைக் கொண்டது. இந்தியக் குடும்ப மருத்துவர்களின் சங்கம் 2012-லிருந்து ஓர் ஆய்விதழையே நடத்துகிறது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். சரக்கு அலமாரியில் இருக்கிறது. எடுத்துக் கையில் கொடுத்து, "இந்த வாரம் நீ பார்த்த மூணு கேஸைச் சொல்லு, இதோட ஒத்துப் பார்ப்போம்" என்று சொல்ல ஒரு ஆள்தான் இல்லை. புத்தகம் மட்டும் போதும் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு, நூலகம் போதுமே.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"அனுபவத்தில் தானா வந்துடும் சார்." வராது. ஒரு பையனின் விடைத்தாளைத் திருத்தித் தராமலே நூறு பரீட்சை எழுத வையுங்கள். அதே பிழையை அழகான கையெழுத்தில் எழுதப் பழகுவான். கிளினிக்கில் விடைத்தாளைத் திருத்துவது யார்? குணமாகாத நோயாளி திரும்ப வருவதில்லை, அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுகிறார். முதல் டாக்டருக்குத் தன் தவறு கடைசி வரை தெரியாது. குணமானவர் மட்டும் பழத்தோடு வந்து கும்பிடுவார். சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று நாலு நாளில் தானே விடும். மூன்றாம் நாள் ஊசி போட்டவர் "கைராசி டாக்டர்" ஆகிவிடுவார். அந்த ஊசிக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் அனுபவம் அவருக்கு என்ன சொல்லித் தருகிறது? "ஊசி போடு." வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக், படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்று நாடு முழுக்கப் பரவியிருக்கும் பழக்கத்தில் பாதி இப்படித் திருத்த ஆளில்லாமல் வந்த அனுபவம்தான்.

"அந்தக் காலத்து டாக்டர்கள் எங்கே பயிற்சி எடுத்தாங்க?" நல்ல கேள்வி. அவர்களில் பலர் ஒரு மூத்த டாக்டரின் கிளினிக்கில் வருடக்கணக்கில் கூட உட்கார்ந்திருந்தவர்கள். அதுதான் பயிற்சி, பெயர் வைக்காத பயிற்சி. இன்று அந்த வழியை நுழைவுத் தேர்வு தின்றுவிட்டது. படித்து முடித்ததும் இரண்டு மூன்று வருடம் ஹாஸ்டல் அறையில் கேள்வி வங்கியோடு கழிகிறது. இன்னொன்றும் உண்டு: அந்தக் காலத்தில் தோற்ற டாக்டர்களை நீங்கள் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

"ஸ்பெஷலிஸ்ட் போதும்." போய்ப் பாருங்கள். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு நாலு மாத்திரை. முட்டி வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று மொத்தச் சீட்டையும் விரித்து வைத்துப் பார்க்க வேண்டியவர் யார்? எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பதினாலு மாத்திரை விழுங்குகிறார். அவருக்கு அவசரமாகத் தேவைப்படுவது பதினைந்தாவதை எழுதித் தரும் டாக்டர் இல்லை, ஐந்தைக் குறைக்கத் தெரிந்த டாக்டர்.

"இதுக்கெல்லாம் காசு எங்கே?" இந்தியாவில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தோம். கட்டடத்துக்குக் காசு வந்தது. வாத்தியாருக்கும் வரும், கேட்டால்.

கேட்பதற்கு நம்மிடம் நியாயமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. 1946-லேயே போர் குழு அறிக்கை, சமூகத்தோடு கலந்து வேலை செய்யும் அடிப்படை மருத்துவரைத்தான் மருத்துவக் கல்வியின் இலக்காக வைத்தது. நம் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் குழுவில் இருந்தார். 2002 தேசிய சுகாதாரக் கொள்கை குடும்ப மருத்துவத்தில் ஆள் போதாது என்று சொன்னது. 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், குடும்ப மருத்துவப் பட்ட மேற்படிப்பை வளர்ப்பது வாரியத்தின் வேலை என்று எழுதியே வைத்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் எம்.பி.பி.எஸ்.ஸில் குடும்ப மருத்துவம் ஒரு தனிப் பாடம் கிடையாது, தனித் தேர்வும் கிடையாது. தேர்வு இல்லாத பாடத்தை எந்தப் பையன் படிப்பான்? எங்கள் பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்புக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்கிறது: அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார்.

முடியாது என்பவர்கள் வேலூரைப் பாருங்கள். சி.எம்.சி.யின் தொலைநிலைக் கல்வித் துறை, கிளினிக்கை மூட முடியாத டாக்டர்களுக்காகவே இரண்டு வருடக் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பை நடத்திக் காட்டியது. வேலையில் இருந்துகொண்டே பாடத்தொகுதிகளைப் படிப்பது, இடையிடையே நேரில் வந்து நோயாளிகளோடு பயிற்சி எடுப்பது. கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி எம்.டி. குடும்ப மருத்துவம் நடத்துகிறது. மூன்று வருட டி.என்.பி. படிப்பு இருக்கிறது. கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவமும் குடும்ப மருத்துவமும் சேர்ந்த துறையே இருக்கிறது. பிரிட்டனில் 1980களின் தொடக்கத்திலிருந்து தனிப்பயிற்சி முடிக்காமல் யாரும் குடும்ப மருத்துவராக உட்கார முடியாது. மூன்று வருடம். ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சியாளர், அவரும் ஒரு குடும்ப மருத்துவர். வெளிநோயாளி நேரம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து அன்றைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள். நோயாளியின் சம்மதத்தோடு உரையாடலை வீடியோ எடுத்து, எங்கே குறுக்கே பேசினாய், எங்கே கேட்கத் தவறினாய் என்று பார்ப்பார்கள். என் வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் செய்தாரே, அதே வேலை.

ஒரு கிராமத்து டாக்டர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர்: ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் கிளின்கோரூக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் குடும்ப மருத்துவர். கேட்டு வராதவர்களையும் தேடிப் பிடித்துத் தன் ஊர் ஜனம் முழுவதன் ரத்த அழுத்தத்தையும் அளந்தவர். எங்கே மருத்துவம் அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதிய மனிதர். அவரும் "வெறும்" குடும்ப மருத்துவர்தான். நாம் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினோம். நல்ல திட்டம், மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் அந்த மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா நிறுத்தவா என்று முடிவு செய்யும் டாக்டர் பயிற்சி இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தால் திட்டத்தின் பாதி பலன் வீண்.

ஆகவே நான் கேட்பது ஐந்து.

ஒன்று. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் குடும்ப மருத்துவத் துறை வேண்டும். அதில் பாடம் நடத்துபவர் குடும்ப மருத்துவராக இருக்க வேண்டும். இறுதியாண்டில் அதற்குத் தேர்வும் வேண்டும்.

இரண்டு. ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் ஒரு கணிசமான பகுதி, நல்ல மூத்த டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிய வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்காக இல்லை; பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, பார்த்ததைச் சொல்ல.

மூன்று. புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொரு டாக்டருக்கும் முதல் வருடம் ஒரு வழிகாட்டி மருத்துவர் வேண்டும். ஓய்வு பெற்ற எத்தனையோ நல்ல டாக்டர்கள் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள், கூப்பிடுங்கள். எங்களுக்குக் குறுவள மையத்தில் சனிக்கிழமை கூட்டம் நடக்கும். குறை இருந்தாலும் பக்கத்துப் பள்ளி வாத்தியார் எப்படி நடத்துகிறார் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். ஒரு வட்டாரத்து டாக்டர்கள் வாரம் அரை நாள் அப்படி உட்கார்ந்தால் வானம் இடிந்து விழாது.

நான்கு. பாடச் சரக்கு. ஐ.சி.எம்.ஆர். அட்டைகள் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். நோயாளி கையில் கொடுத்தனுப்பத் தமிழில் ஒரு பக்கத் தாள்கள் வேண்டும். நம் ஜனங்கள் நோயைச் சொல்லும் சொற்களுக்கு ஒரு கையேடு வேண்டும், வட்டாரவாரியாக. தமிழ் வாத்தியார்களும் டாக்டர்களும் சேர்ந்தால் ஆறு மாத வேலை.

ஐந்து. அந்த 30 மணி நேரத்தில் கம்பெனிக் காசு நுழையக் கூடாது.

நமக்கும் வீட்டுப்பாடம் உண்டு. "ஊசி போடுங்க டாக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். ஊசி போடாமல் பத்து நிமிடம் பேசியவருக்கும் ஃபீஸ் கொடுக்கும்போது முகம் சுளிக்காதீர்கள். பயிற்சி டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "இந்தப் பொண்ணு எதுக்கு" என்று கேட்காதீர்கள். உங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கப்போகும் டாக்டர் அது. 'மெர்சல்' படத்தில் ஐந்து ரூபாய் டாக்டருக்கு விசில் அடித்தோம். அவர் ஃபீஸ் எவ்வளவு என்பதோடு, யாரிடம் கற்றுக்கொண்டார் என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் "மருத்துவக் கல்லூரி கொண்டு வருவேன்" என்றால், "அதில் குடும்ப மருத்துவத் துறை உண்டா?" என்று கேளுங்கள். விழிப்பார்கள். விழிக்கட்டும்.

என்னிடம் படித்து டாக்டர் ஆன பிள்ளைகள் பலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அரசு கையேடு போடும்போது போடட்டும். உங்கள் ஊரில் நோயாளிகள் சொல்லும் ஒரு சொல், அதை அவர்கள் எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள், அதைக் கேட்டால் அடுத்து நீங்கள் என்ன கேள்வி கேட்பீர்கள், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். நோயாளியின் பெயரோ ஆஸ்பத்திரியின் பெயரோ வேண்டாம். முதல் சொல்லாக "மயக்கம்" இருக்கட்டும். நான் தொகுத்து வைக்கிறேன். அடுத்து வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் கையில் கொடுக்க நாலு பக்கமாவது தேறும்.